வென்றால் நம்மவன், தோற்றால் யாரோ?



2019 ஜூன் 15ஆம் நாள் இரவு, சீனாவின் ஷாங்காய் நகரில் ஒரு கூண்டுக்குள் இரண்டு பேர் மோதினார்கள். ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவர்தான். கோலாலம்பூர் செந்தூலில் வளர்ந்த நம் அகிலன் தாணி. சுற்றுக்கு 5 நிமிடம் என்று மூன்று சுற்றுகள் நடந்தன. முடிவில் மூன்று நடுவர்களும் ஒருமனதாக அகிலனே வென்றார் என்று தீர்ப்பளித்தார்கள்.

அந்த வாரம் மாமாக் கடையிலும் கைப்பேசியிலும் நாம் எல்லாரும் அகிலனைப் பற்றித்தான் பேசினோம். நியாயம்தான். பள்ளி நாட்களில் உடல் பருமனால் கேலிக்கு ஆளானவர். எடையைக் குறைக்கத்தான் பயிற்சிக்கூடத்துக்குப் போனார். அங்கிருந்து உலக மேடைக்கு வந்தார். பெருமைப்படாமல் எப்படி?

ஆனால் அன்று கூண்டில் அவருக்கு எதிரே நின்ற மனிதர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? "ஜப்பான்காரர், பழைய ஆள், 43 வயது" என்பதோடு முடித்துக்கொண்டோம். அவர் முழுக்க ஜப்பான்காரரா? அந்தக் கேள்விக்குத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

அவருடைய கதையை நாம் அறிய வேண்டும். ஏனென்றால் அது பெரும்பாலும் நம் கதை.

"தங்கியிருப்பவர்கள்"

அவர் பெயர் யோஷிஹிரோ அக்கியாமா. 1975ல் ஜப்பானின் ஒசாகாவில் பிறந்தவர். அவருடைய குடும்பம் கொரியாவிலிருந்து வந்தது. அவர் அங்கே நான்காவது தலைமுறை.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனியாக இருந்தது. அந்தக் காலத்தில் பிழைப்புத் தேடிப் போனவர்களும், சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் கட்டாயமாகக் கொண்டு போகப்பட்டவர்களுமாக ஏறக்குறைய 20 லட்சம் கொரியர்கள் போர் முடிந்தபோது ஜப்பானில் இருந்தார்கள். பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். சுமார் 6 லட்சம் பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

காலனி ஆட்சியில் அவர்கள் ஜப்பானியப் பேரரசின் குடிமக்கள் என்றே கணக்கிடப்பட்டார்கள். 1952ல் சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தம் நடப்புக்கு வந்தபோது அந்தக் குடியுரிமை பறிபோனது. ஒரே இரவில் அந்நியர்கள்! அங்கே பிறந்த பிள்ளைகளும் அந்நியர்களே. ஏனென்றால் அந்த நாட்டுச் சட்டம் பிறந்த மண்ணைப் பார்ப்பதில்லை, பெற்றோரின் குடியுரிமையைத்தான் பார்க்கிறது. அந்நியர் பதிவு அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. விரல் ரேகை கொடுக்க வேண்டியிருந்தது. குற்றவாளியைப் போல ரேகை கொடுக்க மாட்டோம் என்று 1980களில் ஆயிரக்கணக்கானோர் மறுத்துப் போராடிய பிறகு, 1993ல்தான் நிரந்தரவாசிகளுக்கு அது நீக்கப்பட்டது.

இவர்களை ஜப்பானில் "ஸைனிச்சி" என்று அழைக்கிறார்கள். அந்தச் சொல்லின் பொருள், "ஜப்பானில் தங்கியிருப்பவர்". நான்கு தலைமுறை ஆன பிறகும் தங்கியிருப்பவர்தான்! வாசகர்களே, "பெண்டாத்தாங்" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 1957ல் சுதந்திரம் கிடைத்தபோது தோட்டப்புறத்தில் இருந்த நம் பாட்டன்மாரில் எத்தனையோ பேர் குடியுரிமைக்குப் பதியவில்லை. படிப்பறிவு இல்லை, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 1968ல் வேலை கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். பால் வெட்டிய கைகள் வெறுங்கையாக ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறின. அங்கே 1952, இங்கே 1968. ஆண்டுதான் வேறு.

ஒரு மனிதன், இரண்டு பெயர்

அக்கியாமாவுக்கு இன்னொரு பெயர் உண்டு. ச்சூ சொங்-ஹூன். வினோதம் என்னவென்றால், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எழுத்துகள்தான். அவருடைய இயற்பெயரை எழுதும் இரண்டு சீன எழுத்துகளை ஜப்பானியர் "யோஷிஹிரோ" என்று படிக்கிறார்கள், கொரியர் "சொங்-ஹூன்" என்று படிக்கிறார்கள். "ச்சூ" என்ற குடும்பப் பெயருக்கான எழுத்தோடு "மலை" என்ற எழுத்தைச் சேர்த்தால் ஜப்பானியப் பெயர் "அக்கியாமா" வந்துவிடும். ஒரு மலையைக் கூட்டினால் ஜப்பானியர், எடுத்தால் கொரியர்!

அங்கே இப்படி இரண்டு பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கும் வேலைக்கும் ஒன்று. கொரியப் பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காது, வாடகைக்கு வீடு கிடைக்காது என்ற பயம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. "இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை" என்ற அறிவிப்பைப் பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. பெயரை மறைக்க நம்மால் முடியாது, ஏனென்றால் நம் நிறமே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். அவர்களால் மறைக்க முடிந்தது. அதுவே அவர்களுக்கு ஒரு தண்டனையாகவும் ஆனது.

ரிக்கிடோசான் என்ற மல்யுத்த வீரரைப் பாருங்கள். 1950களில் தொலைக்காட்சிக்கு முன்னால் ஜப்பானே திரண்டு நின்று அவரைப் பார்த்தது. போரில் தோற்ற நாட்டுக்காக அவர் அமெரிக்கர்களை மேடையில் அடித்து வீழ்த்தினார். அவர் கொரியாவில் பிறந்தவர். அதை ரசிகர்களிடம் மறைத்தே வாழ்ந்தார், 1963ல் இறந்தார். நம் ஊரிலும் பலர் கற்கும் கியோகுஷின் கராத்தேயை உருவாக்கிய மாஸ் ஓயாமாவும் கொரியாவில் பிறந்தவரே. நாட்டின் வீரச் சின்னங்களாக இருந்தார்கள், ஆனால் சொந்தப் பெயரில் இல்லை!

இவர்களுக்கு மாறாக ஒருவர் இருந்தார். பேஸ்பால் வீரர் இசாவோ ஹரிமோட்டோ. ஹிரோஷிமா குண்டுவீச்சில் அக்காவை இழந்தவர். ஜப்பானியத் தொழில்முறைப் பேஸ்பாலில் 3,085 முறை பந்தை அடித்துச் சாதனை படைத்தார். தான் கொரியன் என்பதை அவர் மறைக்கவே இல்லை.

இரண்டு வீட்டிலும் விருந்தாளி

அக்கியாமாவுக்கு மூன்று வயதிலேயே அப்பா ஜூடோ கற்றுக் கொடுத்தார். பல்கலைக்கழகம் முடித்ததும் அவர் ஒரு முடிவெடுத்தார். மூதாதையர் நாட்டுக்கே போவது, கொரியாவின் சட்டையை அணிந்து ஒலிம்பிக் போவது. பூசான் நகராட்சியின் ஜூடோ அணியில் சேர்ந்தார். ஜப்பானில் "கொரியன்" என்று சொல்லப்பட்டவர், கொரியாவில் இறங்கியதும் "ஜப்பான்காரன்" ஆகிவிட்டார்!

2001ல் கொரியாவுக்காக ஆசிய ஜூடோ வெற்றியாளர் போட்டியில் தங்கம் வென்றார். அப்படியும் தேர்வுப் போட்டிகளில் தமக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று அவர் உணர்ந்தார். அங்கே ஜூடோ உலகில் ஒரு குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. நெருக்கமான ஆட்டம் என்றால் தீர்ப்பு யார் பக்கம் போகும் என்பது ஆடும் முன்பே தெரியும் என்ற நிலை.

மனம் வெறுத்து ஒசாகா திரும்பினார். அதே 2001ல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். அடுத்த ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டி. நடந்த ஊர் எது தெரியுமா? பூசான். அவர் வாழ்ந்து பயிற்சி செய்த அதே ஊர்! இறுதி ஆட்டத்தில் கொரிய வீரரைத் தோற்கடித்து ஜப்பானுக்காகத் தங்கம் வென்றார். தாய்நாட்டைத் தூக்கிப் போட்டவன் என்ற ஏச்சு கொரியாவில் எழுந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள் வாசகர்களே. அவர் தாய்நாட்டைத் தூக்கிப் போட்டாரா? தாய்நாடு அவரைத் தூக்கிப் போட்டதா? ஒரே அளவுகோலில் அளந்திருந்தால் அவர் கொரியச் சட்டையோடுதான் அந்த மேடையில் நின்றிருப்பார். அளவுகோலை மாற்றியவர்கள் யாரும் துரோகி என்று பெயர் வாங்கவில்லை. விலகிப் போனவருக்குத்தான் அந்தப் பெயர்.

நம் பிள்ளைகள் நல்ல மதிப்பெண் வாங்கியும் இடம் கிடைக்காமல் வெளிநாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அப்போதும் "நாட்டுப்பற்று இல்லை" என்றுதான் சொல்கிறார்கள்.

அவர் செய்த தவறு

2004 டிசம்பர் 31ல் அக்கியாமா கலப்புத் தற்காப்புக் கலைக்கு மாறினார். அதாவது எம்.எம்.ஏ. குத்துச்சண்டை, உதை, மல்யுத்தம், ஜூடோ எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த ஆட்டம். முதல் ஆட்டத்திலேயே பிரான்சுவா போத்தா என்ற பெரிய குத்துச்சண்டை வீரரைக் கைப்பிடி போட்டுப் பணியவைத்தார். 2006 அக்டோபரில் "ஹீரோஸ்" போட்டித் தொடரின் வெற்றியாளர் ஆனார். ஜப்பான் கொண்டாடியது.

பிறகு வந்தது 2006 டிசம்பர் 31. ஒசாகாவில், சொந்த ஊரில், கசூஷி சக்குராபாவுடன் மோதல். சக்குராபா ஜப்பானிய ரசிகர்களின் செல்லப் பிள்ளை. ஆட்டத்தின் நடுவே, "உடம்பு வழுக்குகிறது" என்று நடுவரிடம் முறையிட்டார். ஆட்டம் நிறுத்தப்படவில்லை. அக்கியாமா அடித்து வென்றார். பிறகு விசாரித்தபோது, ஆட்டத்துக்கு முன் அவர் உடம்பில் கிரீம் பூசியது உண்மை என்று தெரிந்தது. தோல் வறட்சிக்காகப் பூசினேன் என்றார். வெற்றி ரத்து செய்யப்பட்டது. காலவரையின்றித் தடை விதிக்கப்பட்டது. 2003 உலக ஜூடோ போட்டியிலேயே அவருடைய உடை வழுக்குகிறது என்று எதிராளிகள் புகார் செய்திருந்தார்கள். அதுவும் சேர்ந்துகொண்டது.

இதை நான் மறைத்திருக்கலாம். நம்மைப் போன்ற சிறுபான்மைக்காரர், பாவம், பழிவாங்கப்பட்டார் என்று எழுதி உங்கள் கைதட்டலை வாங்கியிருக்கலாம். அப்படி எழுதினால் அது பொய். பிடித்துச் சண்டை போடும் ஆட்டத்தில் உடம்பில் வழுக்கும் பொருள் பூசக்கூடாது என்பது விதி. அவர் விதியை மீறினார். தண்டனை நியாயம்தான்.

ஆனால் தண்டனையோடு அது நின்றதா? வழுக்கும் கிரீமைப் பற்றித் தொடங்கிய பேச்சு அவருடைய இரத்தத்தைப் பற்றிய பேச்சாக மாறியது. தவறு செய்தவர் அக்கியாமா என்ற ஒரு மனிதர். ஏச்சு வாங்கியது ஓர் இனம். பெரும்பான்மையைச் சேர்ந்த ஒருவர் விதி மீறினால் அவர் ஒருவர்தான் விதி மீறியவர். சிறுபான்மையைச் சேர்ந்தவர் மீறினால், "அவர்கள் எல்லாருமே அப்படித்தான்"!

அடுத்து நடந்ததையும் பாருங்கள். ஜப்பான் வெறுத்து ஒதுக்கிய அவர் 2007 அக்டோபரில் சியோலில் களமிறங்கினார். டெனிஸ் காங் என்ற வலிமையான வீரரை நாக்-அவுட் செய்தார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஏசிய அதே கொரியா இப்போது அவரை "நம் ச்சூ சொங்-ஹூன்" என்று வாரி அணைத்தது.

அந்த ஆண்டு டிசம்பர் 31ல் ஜப்பானின் சைத்தாமாவில் கசுவோ மிசாக்கியோடு மோதினார். மிசாக்கி முகத்தில் உதைத்து வீழ்த்தினார். பிறகு ஒலிவாங்கியைப் பிடித்து அவருக்கு அறிவுரை சொன்னார், கூட்டத்தைப் பார்த்து ஜப்பானியர்கள் வலிமையானவர்கள் என்றார். அவர் என்ன நினைத்துச் சொன்னாரோ, கேட்டுக்கொண்டிருந்த கொரியர்களின் நெஞ்சில் அது எப்படிப் பாய்ந்திருக்கும்! குடியுரிமை வாங்கி, ஜப்பானுக்குத் தங்கமும் வாங்கிக் கொடுத்த ஒருவர் அந்த "ஜப்பானியர்" என்ற சொல்லுக்குள் இல்லாமல் போனார். கைகள் தரையில் இருந்தபோது விழுந்த அந்த உதை விதிக்குப் புறம்பானது என்று பின்னர் அந்த முடிவும் ரத்தானது. அதே அளவுகோல் இந்த முறை அவருக்கும் வேலை செய்தது.

2008ல் ஒரு கொரியத் தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் தம் கதையைச் சொன்னார், ஒரு பாட்டும் பாடினார். நாடே உருகியது. 2009 ஜூலையில் லாஸ் வேகாஸில் நடந்த யூ.எப்.சி 100ல் ஆலன் பெல்ச்சரை வென்றார். அதன் பிறகு அமெரிக்க மேடையில் தொடர்ந்து நான்கு தோல்விகள். வயது ஏறியது. மகளோடு கொரியத் தொலைக்காட்சியில் தோன்றி வீட்டுக்கு வீடு அறிந்த முகமானார். இவ்வளவுக்கும் நடுவில் ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. அவருடைய ஜூடோ உடையில் ஒரு தோளில் ஜப்பானியக் கொடி, மறு தோளில் கொரியக் கொடி.

செந்தூல் பையனும் அளவுகோலும்

இப்போது அகிலனிடம் திரும்புவோம்.

2017 மே 26ல் சிங்கப்பூர் உள்ளரங்கத்தில் "ஒன் சாம்பியன்ஷிப்" உலகப் பட்டத்துக்காக அகிலன் பென் அஸ்க்ரனோடு மோதினார். அதுவரை அகிலன் தோற்றதே இல்லை. அஸ்க்ரன் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆடிய மல்யுத்த வீரர். முதல் சுற்றிலேயே கழுத்துப் பிடியில் அகிலன் தோற்றார். மறுநாள் அவரைப் பற்றிப் பேச ஆளில்லை. அதற்கு முந்தைய நாள் வரை "மலேசியாவின் புலி". மறுநாள், "செந்தூல் இந்தியப் பையன்தானே". இதைச் சொன்னவர்களில் நம்மவர்களும் உண்டு, மறுக்காதீர்கள்!

இரண்டு ஆண்டு கழித்து ஷாங்காய். எதிரே தொலைக்காட்சி நட்சத்திரம், இரண்டு நாட்டில் ரசிகர்கள். அகிலனுக்கு அந்த ஊரில் யார் இருந்தார்கள்? ஆனால் மூன்று நடுவர்களும் யார் அதிகம் அடித்தார், யார் கட்டுப்படுத்தினார் என்பதைப் பார்த்தார்கள். பெயரைப் பார்க்கவில்லை. நிறத்தைப் பார்க்கவில்லை. செந்தூல் பையன் வென்றான் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நாம் கேட்பது இவ்வளவுதான். யாருடைய வெற்றியையும் பிடுங்கிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. உபகாரச் சம்பளத்தில், மெட்ரிகுலேஷனில், அரசாங்க வேலையில், தொழில் உரிமத்தில், காவல் நிலையத்தில், எல்லாருக்கும் பிடிக்கும் அதே அளவுகோலை எங்களுக்கும் பிடியுங்கள் என்கிறோம்.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் ஏறத்தாழ 40,000 பேர், அவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேல் இந்தியர் என்றது. மக்கள் தொகையில் நாம் 7 விழுக்காடு அளவே. அன்று முதல் கறுத்த, திடகாத்திரமான நம் பிள்ளை ஒருவன் இரவில் மோட்டார் சைக்கிளில் போனால் அவன் முதுகில் அந்த எண் ஒட்டிக்கொண்டே போகிறது. தோட்டம் துண்டாடப்பட்டு, வீடு போய், நகரத்து மலிவு விலை அடுக்குமாடியில் தள்ளப்பட்ட குடும்பங்களில் அந்தப் பிள்ளைகள் வளர்ந்தது அந்தப் பட்டியலில் இல்லை. அக்கியாமா பூசிய கிரீமுக்கு நடந்தது இங்கேயும் நடந்தது. தனி மனிதனின் குற்றம் இனத்தின் கணக்கில் எழுதப்பட்டது.

அதே மூச்சில் நாமும் ஒன்றை ஒப்புக்கொள்வோம். கும்பலில் சேர்ந்த பையனை "நம்ம பையன்" என்று மூடி மறைத்து, சாவு வீட்டில் அவனுக்குக் கொடி பிடிப்பதும் நம்மிடையே நடக்கிறது. ஒரே அளவுகோல் வேண்டும் என்று கேட்பவன், அந்த அளவுகோல் தன்னை அளக்கும்போது ஓடி ஒளியக்கூடாது.

பெற்றோருக்கும் இளைஞர்களுக்கும்

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் என் மகனை எம்.எம்.ஏ-வுக்கு அனுப்பட்டுமா?" என்று சிலர் கேட்பீர்கள். யோசித்து அனுப்புங்கள். இது கஷ்டமான பிழைப்பு. ஆட்டத்துக்கு ஒரு தொகை, வென்றால் இன்னொரு தொகை என்பதுதான் பெரும்பாலும் ஒப்பந்தம். கால் முறிந்தால் அந்த மாதங்களுக்கு வருமானம் இல்லை. எடைப் பிரிவுக்காக உடம்பிலுள்ள நீரை வற்றவைக்கும் பழக்கம் உயிரைக் குடித்திருக்கிறது. 2015 டிசம்பரில் மணிலாவில் ஆட வந்த ஒரு சீன வீரர் எடை குறைக்கும்போது இறந்துபோனார், அதன் பிறகுதான் "ஒன்" நிறுவனம் எடை விதிகளை மாற்றியது. உச்சிக்குப் போகிறவர்கள் கைவிரல் எண்ணிக்கை. அகிலனுக்கும் ஷாங்காய்க்குப் பிறகு தோல்விகள் வந்தன. படிப்பையும் ஒரு கைத்தொழிலையும் விட்டுவிட்டு இதில் குதிக்காதீர்கள்.

ஆனால் ஒரு நல்ல பயிற்சிக்கூடம் நம் பிள்ளைக்குத் தரும் ஒன்றை வெளியே தெரு தராது. பிடி இறுகும்போது தரையைத் தட்டினால் எதிராளி உடனே விடுவான். தோற்றவன் எழுந்து கை குலுக்கலாம், மறுநாள் திரும்பி வரலாம். தெருச் சண்டையில் தட்டினால் விடுவார் யாருமில்லை.

தங்கம் வாங்காத பிள்ளைகள்

வாசகர்களே, கடைசியாக ஒன்று.

நம் மேடைகளில் ஒரு பட்டியல் வாசிப்பது வழக்கம். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கிய ஜெகதீசன், கோல் கம்பத்தில் சிலந்தி மனிதனாக நின்ற ஆறுமுகம், கராத்தேயில் பதக்கம் குவித்த புவனேஸ்வரன். "இவ்வளவு செய்தோமே, எங்களுக்கு உரிமை கொடுங்கள்" என்று முடிப்போம். நானும் அப்படி எழுதியவன்தான்.

அக்கியாமாவின் கதையைப் படித்த பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. தங்கம் கொடுத்து உரிமை வாங்க முடியுமானால் அவரை விட யார் கொடுத்தார்கள்? இரண்டு நாட்டுக்கும் கொடுத்தார். இரண்டு நாடும் அவர் வென்றபோது "நம்மவன்" என்றன, சறுக்கியபோது "அந்தப் பக்கத்து ஆள்" என்று தள்ளின. பதக்கத்தால் வரும் மரியாதை பதக்கம் இருக்கும் வரைதான். அதற்குப் பெயர் சலுகை. உரிமை என்றால் அது தோற்றவனுக்கும் உண்டு, ஓடவே தெரியாதவனுக்கும் உண்டு.

2022 மார்ச் 26ல், 46 வயதில், அக்கியாமா மீண்டும் சிங்கப்பூர் உள்ளரங்கத்தில் களமிறங்கினார். தம்மைப் பல ஆண்டுகளாகச் சவாலுக்கு அழைத்துக்கொண்டிருந்த ஷின்யா அவோக்கியோடு மோதினார். முதல் சுற்று முழுவதும் கழுத்தைப் பிடித்து நெரித்தார்கள். தாக்குப்பிடித்தார். இரண்டாவது சுற்றில் அடித்து வீழ்த்தினார். ஜப்பானும் மகிழ்ந்தது, கொரியாவும் மகிழ்ந்தது. நல்லது. ஆனால் தோற்றிருந்தாலும் அந்த இரண்டு கொடியும் அவருடையவைதான். யாரும் கொடுத்து அவர் வாங்கியவை அல்ல.

நம் நாட்டில் இன்றும் சிவப்பு அடையாள அட்டையோடு முதியவர்கள் இருக்கிறார்கள். 2018ல் 60 வயது தாண்டியவர்களுக்குக் குடியுரிமை தருவதாக அப்போதைய அரசாங்கம் அறிவித்தது. அதற்கும் காத்திருந்து கண் மூடியவர்கள் உண்டு. அப்பா அம்மா திருமணத்தைப் பதியாததால், பிறப்பைப் பதியத் தவறியதால், இங்கேயே பிறந்தும் அடையாள அட்டை இல்லாமல் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் நாளைய அகிலனாக இருக்கலாம். இருந்தால் எந்த நாட்டின் சட்டையை அணிந்து ஆடுவான்? அகிலனாக இல்லாமல், சாதாரணமாக லோரி ஓட்டிப் பிழைக்கும் ஒருவனாக இருந்தால்தான் என்ன? அவனுக்கும் அந்த அட்டை வேண்டாமா?

ஆகவே அடுத்த முறை நம்மவர் ஒருவர் வென்றால் கைதட்டுங்கள். தட்டிவிட்டு, உங்கள் தாமானில் பிறப்புப் பத்திரச் சிக்கலோடு இருக்கும் ஒரு குடும்பத்தைத் தேடிப் போங்கள். 12 வயதாகியும் அடையாள அட்டை எடுக்காத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று விசாரியுங்கள். பாரம் நிரப்ப உதவுங்கள். தேசியப் பதிவு இலாகாவுக்கு அவர்களோடு கூடப் போங்கள். ஒருநாள் சம்பளம் போகும், பரவாயில்லை. முகப்பில் இருப்பவர் "நாளைக்கு வா" என்றால் நாளைக்கும் போங்கள். போன தேதியையும் சொன்ன பதிலையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், பின்னால் கேள்வி கேட்க அது வேண்டும்.

வென்றாலும் தோற்றாலும் நாம் இந்த நாட்டவர்.